அதிரசத்துக்குள்ளே ஒரு கணக்கு!

'இவ்வளவு ருசியா செய்றீங்களே... வியாபாரமா பண்ணினா என்ன?'

இந்த ஒரு வரியைச் சொல்லாத விருந்தாளி நம் பக்கத்தில் கிடையாது. சொல்லிவிட்டு நாலு அதிரசத்தையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சொன்னவர்களுக்குச் செலவில்லை. நம்பி அடுப்பைப் பற்ற வைப்பவர்களுக்குத்தான் செலவு!

அறந்தாங்கியில் எங்கள் எதிர்வீட்டு அத்தை அப்படிப் பற்ற வைத்தவர்தான். அதிரசம், மாவுருண்டை இரண்டிலும் கைதேர்ந்தவர். சிங்கப்பூருக்குக் கிளம்புகிறவர்கள், பெட்டியில் துணியைக் குறைத்துக்கொண்டு அத்தையின் டப்பாவுக்கு இடம் விடுவார்கள். நான் பி.காம். படித்தவன் என்பதால், ஒருநாள் நோட்டை நீட்டினார்.

"தம்பி, நாள் பூரா அடுப்படியிலதான் நிக்கிறேன். கையில காசு மட்டும் நிக்க மாட்டேங்குதே, ஏன்?"

நோட்டில் இருந்த கணக்கு இதுதான். ஐம்பது அதிரசம், ஒன்று பத்து ரூபாய், ஆக 500. அரிசி, வெல்லம், எண்ணெய்க்கு 300 போக லாபம் 200.

எழுதாமல் விட்டதைக் கேட்டேன். கேஸ் 50. டப்பா, ஆட்டோ 50. உடைந்தது, பேரன் தின்றது, 'ருசி பாருங்க' என்று கொடுத்தது என ஐந்து அதிரசம்... அது ஒரு 50. மீதி வெறும் 50 ரூபாய். மாவு இடித்து, பாகு காய்ச்சி, சுட்டு எடுக்க ஐந்து மணி நேரம். மணிக்குப் பத்து ரூபாய்!

"உங்க கூலியை எங்கே எழுதியிருக்கீங்க அத்தை?"

"எனக்கு நானே கூலி குடுத்துக்கிறதா? நல்லாருக்கே!" என்று சிரித்தார்.

சிரிப்பதற்கில்லை. பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு வரிதான். அது இல்லாவிட்டால், செய்கிற பெண் தன் உழைப்பைப் போட்டு ஊராருக்குப் பலகாரம் தானம் செய்கிறாள் என்றே அர்த்தம்.

நம் மாவுருண்டைக்கு பிலிப்பைன்ஸில் ஒன்றுவிட்ட தங்கை உண்டு. பெயர் போல்வோரோன். மாவை வறுத்து, பால்பவுடர், சர்க்கரை, வெண்ணெய் சேர்த்து அழுத்தி எடுப்பார்கள். அதை விற்கும் பெரிய பேக்கரி கோல்டிலாக்ஸ். கேக் செய்வதில் ஆசை கொண்ட மிலாக்ரோஸ், கிளாரிட்டா என்ற சகோதரிகளும், அவர்கள் சகோதரரின் மனைவி டோரிஸும் 1966-ல் மக்காத்தி நகரில் தொடங்கிய சின்னக் கடை அது. முதல் நாள் விற்பனை 574 பெசோ. பிற்பாடு அமெரிக்கா, கனடா வரை கிளை போனது.

அவ்வளவு தூரம் எதற்கு? 1959 மார்ச் 15-ஆம் தேதி, மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். முதலில் உசத்தி ஒன்று, மலிவு ஒன்று என்று இரண்டு தரம் செய்தார்கள். 'ஒரே தரம் செய்யுங்கள், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள்' என்று அறிவுரை சொன்னவர், கடன் கொடுத்த சகன்லால் பரேக். முதல் வருஷம் மழைக்காலத்தில் காய வைக்க முடியாமல் நாலு மாதம் வேலை நின்றது. மறுவருஷம் கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, அடியில் அடுப்பு மூட்டிக் காய வைத்தார்கள்! அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அத்தையிடம் இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு. வீட்டில் செய்து விற்பவர்களுக்கும் அது கட்டாயம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை டப்பாவில் போட வேண்டும். இரண்டாவது, விலை பதினைந்து.

"பதினஞ்சா! யார் தம்பி வாங்குவா?"

தெருவில் இரண்டு வீடு நின்றது. 'அத்தைக்கு வியாபாரப் புத்தி வந்துடுச்சு' என்று பேச்சும் வந்தது. சிங்கப்பூர் டப்பா நிற்கவில்லை. இப்போது 45 அதிரசம் விற்றால் 675. செலவு 400 போக 275. மணிக்கு 55 ரூபாய்! நோட்டில் 'என் கூலி' என்று தனி வரியே போட்டுவிட்டார்.

ஆகவே விருந்தாளிகளே... அடுத்த முறை 'வியாபாரமா பண்ணினா என்ன?' என்று கேட்டால், கையோடு விலையையும் கேளுங்கள். பேரம் பேசாமல் கொடுங்கள்!