இரவு ஷிப்டும் உடல் நலமும்

கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் காலை, மாலை, இரவு என மூன்று ஷிப்டுகளாக வேலை நடைபெறுவதை நேயர்கள் அறிவர். கதிர்கள் ஓய்வதில்லை, ஆட்களே மாறி மாறி வருகின்றனர். இம்மாற்றத்தை இயந்திரம் பொருட்படுத்துவதில்லை, உடம்பு பொருட்படுத்துகிறது. எவ்வாறு என்பதையே விளக்க முற்படுகிறேன்.

மூளையில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்திற்குச் சற்று மேலே, சிறியதொரு நரம்பணுத் திரள் உண்டு. ஒளியால் பகலிரவை உணர்ந்து, உறக்கத்திற்கும் உடல் வெப்பத்திற்கும் செரிமானத்திற்கும் வேளை வகுப்பது அதுவே. இத்தகைய கடிகாரம் உயிரணுக்களில் இயங்கும் விதத்தைப் பழ ஈக்களைக் கொண்டு ஆராய்ந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆலைச் சங்கு ஊதியவுடன் இக்கடிகாரம் முள்ளைத் திருப்பிக்கொள்வதில்லை. இரவெல்லாம் நின்று உழைத்தவர், உடல் விழித்தெழும் வேளையில் உறங்க முயல்கிறார். அவ்வுறக்கம் குறுகியது, எளிதில் கலைவது.

இரவு வேலைக்காரருக்கு அடிக்கடி சளி பிடித்தால் பனியின்மீது பழி போடுகிறோம். உறக்கக் குறைவை எண்ணுவதில்லை. அமெரிக்காவில் 164 பேரின் உறக்கத்தை அளந்தபின் மூக்கில் சளிக் கிருமியை இட்டுப் பார்த்தனர். ஆறு மணி நேரத்திற்குக் குறைவாக உறங்கியோர் சளிக்கு ஆளாகும் வாய்ப்பு, ஏழு மணிக்கு மேல் உறங்கியோரைவிட நான்கு மடங்குக்கும் அதிகமென 2015-இல் அறிவித்தனர். 2002-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், சில நாட்கள் நான்கு மணி நேரமே உறங்கவிடப்பட்ட இளைஞர்களுக்கு இன்ஃபுளுயென்சாத் தடுப்பூசி போடப்பட்டது. பத்து நாட்களுக்குப் பின் அவர்கள் குருதியில் இருந்த எதிர்ப்பொருள், வழக்கம்போல் உறங்கியோரில் பாதிக்கும் குறைவே. ஆகவே, இரவு வேலை முடிந்து வெளிவருவோரை வாயிலில் நிறுத்தி ஊசி போடும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. வார விடுமுறையில் நன்கு உறங்கியபின் போடலாம்.

நெடுங்காலம் இவ்வாறு உழைப்பதன் தீங்கு சளியோடு நிற்பதில்லை. இரவு ஷிப்டு வேலை புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இலும் அதையே உறுதி செய்தது.

பகலில் இருட்டறையில் உறங்குங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. ஓர் அறையே வீடாக, அதிலேயே அடுப்பும் பிள்ளைகளும் இருக்க, பகல் பத்து மணிக்கு இருட்டுக்கு எங்கே போவது? எனவே ஆலை நிர்வாகம் செய்ய வேண்டியதையே முதலில் சொல்வேன். மனிதனின் உட்கடிகாரம் இயல்பில் 24 மணியைவிடச் சற்று நீண்டது. ஆதலால் உறக்கத்தைத் தள்ளிப்போடுவது, முன்கூட்டி உறங்குவதைவிட எளிது. காலை ஷிப்டிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்கும் ஆட்களை மாற்றலாம். இரவிலிருந்து காலைக்குத் திரும்புமுன் விடுமுறை நாள் ஒன்று வரட்டும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டுவதில்லை. ஷிப்டுப் பட்டியலை வேறு வரிசையில் எழுதினால் போதும்.