யாரைத் திட்டணும்னு முதல்ல முடிவு பண்ணுலே!

"ஒங்க ஊர்ல அல்வாவை விட்டா வேற என்னலே இருக்கு?"

"ஒங்க ஊர்ல மக்ரூனை எடுத்துட்டா மிச்சம் வெறும் உப்புதானலே!"

ஒரே ஹாஸ்டல் வராண்டாவில் நாலு திருநெல்வேலிப் பசங்களும் நாலு தூத்துக்குடிப் பசங்களும் மாட்டிக்கிட்டா, முதல் செமஸ்டர் முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான். இதுல ஆதிச்சநல்லூர் பக்கத்து ஆளா இருந்தா தொலைஞ்சோம். 1986-ல் மாவட்டத்தைப் பிரிச்சப்போ எங்க ஏரியா தூத்துக்குடி கணக்கில் விழுந்துடுச்சு. ஆனா தீபாவளித் துணி எடுக்க பஸ் ஏறுறது திருநெல்வேலிக்கு. ரெண்டு பக்கமும் அடி விழும். போதாக்குறைக்கு, "கீழடியா, ஆதிச்சநல்லூரா... யாருப்பா சீனியர்?"னு மதுரைக்காரன் வேற நடுவில் பூந்துடுவான்.

இதே ஊர்ச் சண்டைக்கு ஒரு பீட் போட்டு மைக்கில் ஏத்தினா, ராப் உலகத்தில் அதுக்குப் பேர் 'டிஸ்'. எதிராளியைப் பேர் சொல்லி, ஊர் சொல்லி வாருற பாட்டு.

இந்த விஷயத்தில் தலைகீழா நின்ன மனுஷன் டிம் டாக். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி ஆசாமி. 1973-ல் ஹிப் ஹாப் பிறந்ததே அந்த ஏரியாவில்தான். ஆனா எண்பதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் இருந்து என்.டபிள்யூ.ஏ. என்ற குழு கிளம்ப, கேசட் விற்பனையும் கம்பெனிகளின் கவனமும் மேற்கே போயிடுச்சு. 'விதை போட்டது நாங்க, அறுவடை அவங்களா?'னு கடுப்பான டிம் டாக், 1991-ல் 'பெனிசிலின் ஆன் வேக்ஸ்' என்ற தன் முதல் ஆல்பத்தை இறக்கினார். அதில் காம்ப்டனைத் திட்டி ஒரு பாட்டு. தலைப்பை இங்கே அச்சடிச்சா எடிட்டர் என் இன்டர்ன்ஷிப்பை முடிச்சு வெச்சுடுவார்.

சும்மா விடுவாங்களா? 1992-லேயே அந்தப் பக்கம் இருந்து டிஜே க்விக், டாக்டர் ட்ரேனு ஆளாளுக்குப் பதிலடி. அப்புறம் கிழக்கு-மேற்குப் பகை வேற ஆட்களிடம் போய், வேற லெவலுக்கு முத்தியது. 1996 செப்டம்பரில் டூபாக், 1997 மார்ச்சில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி... ரெண்டு பேருமே சுட்டுக் கொல்லப்பட்டாங்க.

உண்மையைச் சொல்லணும்னா, டிம் டாக் பாட்டு கேட்க செம ஜாலி! ஆனா ரெண்டாவது தடவை கேட்கும்போது ஒண்ணு உறுத்துது. பிராங்க்ஸும் வறுமைப்பட்ட ஏரியா, காம்ப்டனும் அப்படித்தான். ரெண்டு ஊர்ப் பையன்களையும் போலீஸ் ஒரே மாதிரிதான் பார்த்தது. கான்ட்ராக்ட் யாருக்குனு முடிவு பண்ணினது கம்பெனி ஆபீஸ். அடி மட்டும் காம்ப்டனுக்கு!

நம்ம நாட்டிலும் 2018-ல் ராஃப்தாரும் எமிவே பந்தாயும் பாட்டுக்குப் பாட்டு மோதினாங்க. ரசிகர்கள் அதை 'டெல்லியா, மும்பையா'னு பிரிச்சு வெச்சு ரகளை பண்ணினாங்க. இதில் காமெடி, அந்த 'டெல்லி சிங்கம்' ராஃப்தார் திருவனந்தபுரத்தில் பிறந்த மலையாளி. நிஜப் பேர் திலின் நாயர்!

சரி, தமிழுக்கு வருவோம். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்து கதவைத் திறந்தாங்க. 2012-ல் ஹிப்ஹாப் தமிழா ஆதியின் 'ஹிப் ஹாப் தமிழன்'. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேருக்கு நேர் நின்னு சண்டைக்கு இழுத்த முதல் ஆல்பம்னு கேட்டா, என் ஓட்டு 2019-ல் வந்த 'தெருக்குரல்'.

அரக்கோணத்து அறிவு எழுதிப் பாட, இசை ஆஃப்ரோ. அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில்தான் பா.ரஞ்சித்தின் நீலம் அமைப்பும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவோடு அறிவு மேடை ஏறியிருந்தார். தனி ஆல்பத்தில் எந்த ஊரையும் அவர் திட்டலை. எந்த ராப்பரையும் வம்புக்கு இழுக்கலை. கேள்வி கேட்டா ஒட்டுவாங்களே ஒரு முத்திரை, அதையே 'ஆன்டி இண்டியன்'னு பாட்டுக்குத் தலைப்பா வெச்சார். எல்லாம் தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருக்கிறவனுக்கு 'கள்ள மௌனி'. சுருக்கமா, ஆள் குறி பார்த்தது பக்கத்து ஏரியாவை இல்லை. மேலே.

அந்த ஆல்பத்தில் எங்க கடற்கரைக்கும் ஒரு பாட்டு உண்டு. பேர் 'ஸ்னோலின்'.

2018 மே 22. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் ஆபீஸை நோக்கிப் போன கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 13 பேர். அதில் ஸ்னோலினுக்கு, இந்தப் பக்கத்தைப் படிக்கிற ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர்களின் வயசுதான். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்திலும் இன்டர்நெட்டை நிறுத்தினாங்க. அப்போ நான் ஸ்கூல் பையன். 'நெட்டு வரலியே'ங்கிறது மட்டும்தான் எங்களுக்குப் புரிஞ்சது. அதே மே 28-ல் ஆலையை மூட அரசு உத்தரவு போட்டது. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. ஆலையைத் திறக்கக் கேட்ட வேதாந்தாவின் மனுவை 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி பண்ணியது. அறிக்கை எத்தனை பக்கம்னு நம்ம பசங்களில் யாருக்கும் தெரியாது. ஸ்னோலின் பேர் தெரியும்.

'இறந்த பொண்ணு பேர்ல ராப்பா?'னு ஒரு சீனியர் முகம் சுளிச்சார். அண்ணாச்சி, எங்க பக்கம் கோயில் கொடைக்கு ஒரு நாள் வாங்க. விடிய விடிய வில்லுப்பாட்டு நடக்கும். பாடப்படுற சாமிகளில் பாதிப் பேர் வானத்தில் இருந்து குதிச்சவங்க இல்லை. முத்துப்பட்டன் மாதிரி, இந்த மண்ணில் வாழ்ந்து வெட்டுப்பட்டுச் செத்தவங்கனுதான் கதை சொல்லுது. பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, யார் எப்படிக் கொன்னாங்கனு ஒண்ணு விடாமப் பாடுவார் புலவர். பக்கத்தில் ஒருத்தர் வரிக்கு வரி 'ஆமா' போடுவார். ராப் மேடையில் அந்த 'ஆமா' ஆளுக்கு ஹைப் மேன்னு பேர், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால அந்தப் பாட்டு எங்களுக்குப் புதுசா படலை. உடுக்கை இல்லாத வில்லுப்பாட்டுனு வெச்சுக்குங்களேன்.

மேலே குறி வைக்கிறவனுக்கு வீட்டுக்குள்ளேயே பிரச்னை வரும்ங்கிறதையும் சொல்லணும். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் சுத்தியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையில் இருந்து அறிவு எடுத்த பாட்டு அது. அதே ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாட்டின் இன்னொரு குரலான தீயும், வெளிநாட்டுத் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க. அறிவைக் காணோம். ரஞ்சித் கேள்வி கேட்டார், நெட்டே ரெண்டாச்சு. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையிலும் அறிவு இல்லாமலே பாட்டு ஒலிச்சது. பாட்டு யாருடையதுனு அறிவும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு விளக்கம் எழுத, நம்ம மக்கள் உடனே ரெண்டு டீமா பிரிஞ்சு அடிச்சுக்கிட்டாங்க. 2024-ல் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டில் எங்களுக்கு ஒரு பைசா வரலைனு வீடியோ போட்டார். பிராங்க்ஸ் கதை ஞாபகம் வருதா?

இப்போ லேட்டஸ்ட் நியூஸ். எங்க ஏரியாவில் மெக்கானிக்கல் படிக்கிற ஒரு நண்பன், திருநெல்வேலியை நார் நாராக் கிழிச்சு ஒரு டிஸ் ஆல்பம் போடப் போறேன்னு நோட்டும் பேனாவுமா உட்கார்ந்தான். பீட் ரெடி, பேர் ரெடி, ஆறு வரியும் ரெடி. ஏழாவது வரியில் நின்னுட்டான். "என்னலே ஆச்சு?"னு கேட்டா, "அம்மா பாளையங்கோட்டைல"ங்கிறான்.