தம்பிகளுக்கு இடம் தந்த மேடை

புதுதில்லி: நாடாளுமன்ற மைய மண்டபத்தில் திரௌபதி முர்மு குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற 2022 ஜூலை 25-ஆம் தேதியன்று, பிற்பகலில் மாநிலங்களவையில் இன்னொரு பதவியேற்பும் நடந்தது. நியமன உறுப்பினராக இளையராஜா தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், பிரதமர் நரேந்திர மோடியையும் அம்பேத்கரையும் ஒப்பிட்ட நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையே அப்போது தமிழகத்தில் பெரும் விவாதமாக இருந்தது. அவர் முதன்முதலில் ஏறிய அரசியல் மேடை எது என்பதை நினைவுகூர்ந்தவர்கள் குறைவு. அது செங்கொடி பறந்த மேடை. அந்த மேடையின் வரலாறு தேவிகுளம், பீர்மேடு என்ற இரண்டு பெயர்களோடு பின்னிக் கிடக்கிறது.

பீர்மேடு என்ற பெயர், தக்கலை சூஃபிக் கவிஞர் பீர் முகமது அப்பாவின் நினைவாக வந்தது என்பது மலைமக்களின் நம்பிக்கை. ஒரு தமிழ்க் கவிஞரின் பெயரைத் தாங்கிய மலை, 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் உருவானபோது கேரளத்தில் தங்கிவிட்டது. பசல் அலி தலைமையிலான ஆணையம் தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேட்டை மட்டும் விட்டுவிட்டது. அங்குள்ள தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நேசமணி தலைமையில் 1954-இல் நடந்த போராட்டமும், துப்பாக்கிச் சூட்டில் பலியான உயிர்களும், காமராசர் பெயரால் இன்றும் மேடைகளில் எடுத்தாளப்படும் 'குளமாவது, மேடாவது' என்ற பேச்சும் தமிழ் வாசகர்கள் அறிந்தவையே.

எல்லைக் கோடு வரையப்பட்டுவிட்டது. ஆனால் பாட்டுக்கு எல்லை தெரியவில்லை.

1957 ஏப்ரலில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கேரளத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்குக் கிடைத்தவை 60. ஆதரவு பெற்ற சுயேச்சைகள் ஐவர். நூலிழைப் பெரும்பான்மை. இந்த நிலையில் தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பாகி, 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது. ஓர் உறுப்பினரைக்கூட இழக்க விரும்பாத ஆட்சி, அந்த மலைக்குத் தன் முழுப் பலத்தையும் திருப்பியது. வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அவர்களிடம் அவர்கள் மொழியில் பேச ஆள் வேண்டும். பாட ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் மலையேறினார். அவரிடம் இருந்தவை ஓர் ஆர்மோனியமும், மக்களுக்குத் தெரிந்த மெட்டில் அன்றைய அரசியலை அடைத்துத் தரும் திறமையும்தான். ரோசம்மா மீண்டும் வென்றார். வெற்றியில் பெரும் பங்கு பாவலருக்கு உரியது என்று ஈ.எம்.எஸ். பாராட்டியதாக இடதுசாரி வட்டாரங்களில் இன்றும் பேசப்படுகிறது. ஒரே ஒரு பாடகரால் ஓர் இடைத்தேர்தல் வெல்லப்படுமா என்பதில் ஐயம் கொள்ள நியாயம் உண்டு. அந்த வெற்றிக்குப் பின்னால் தொழிற்சங்கங்களின் உழைப்பும் இருந்தது. ஆனால் கூலிக் கணக்கும் லயத்து வாழ்க்கையும் மேடையில் பாட்டாகக் கேட்டது அந்தத் தொழிலாளர்களுக்கு எளிதில் மறக்கக்கூடிய அனுபவமாக இருந்திருக்காது.

குரல் உடைந்தபோது...

'பாவலர் சகோதரர்கள்' என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்தக் குழு, விளம்பரம் செய்து ஆள் எடுத்ததல்ல. தேவைதான் ஒவ்வொருவரையும் உள்ளே கொண்டுவந்தது. அண்ணனுக்கு உடல்நலம் சரியில்லாத ஒரு சமயத்தில், தம்பியையும் துணைக்கு அழைத்துப் போகச் சொன்னவர் தாயார் சின்னத்தாய். அப்போது ராஜாவுக்கு வயது 14. கூட்டத்துக்கு அந்தச் சிறுவனின் குரல் பிடித்துப்போயிற்று. குழுவில் பெண்கள் இல்லை. எனவே பெண் குரலில் பாட வேண்டிய பகுதிகள் அவனுக்கு வந்தன.

சிறுவர்களின் குரல் நெடுநாள் அப்படியே இருப்பதில்லையே! ராஜாவின் குரல் உடைந்தது. பெண் குரல் பாடும் இடம் அடுத்த தம்பி அமர்சிங்குக்குப் போனது. அவர்தான் இன்றைய கங்கை அமரன். (2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பா.ஜ.க. வேட்பாளராக நிறுத்தப்பட்டவரும் அவரே.) பாட்டு கைவிட்டுப்போன ராஜா ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். அண்ணன் தம் ஆர்மோனியத்தை யாரையும் தொட விடமாட்டார், தொட்டால் பிரம்படி. அவர் வெளியே போன நேரங்களில் திருட்டுத்தனமாகப் பழகியதை இளையராஜாவே சொல்லியிருக்கிறார். இடம் பறிபோன வருத்தத்தில் எடுத்த கருவி, பின்னர் அவரை எங்கே கொண்டு சேர்த்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. மற்றொரு சகோதரர் பாஸ்கரும் குழுவில் சேர்ந்துகொண்டார்.

குடும்பத்துக்கு வெளியிலிருந்தும் நட்பு வந்தது. சுகாதாரத் துறையில் மலேரியா ஒழிப்புப் பணியில் இருந்த அல்லிநகரத்து இளைஞர் ஒருவர் நாடகம் எழுதி, நடித்து வந்தார். அவருடைய நாடகங்களுக்குச் சகோதரர்கள் இசையமைத்தனர். அந்த இளைஞரே பாரதிராஜா. 1977-இல் '16 வயதினிலே' வந்தபோது தமிழ்நாடு வியந்த கூட்டணி, சிற்றூர் நாடகக் கொட்டகையில் அதற்கு முன்பே கூடிவிட்ட ஒன்று.

1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசையமைத்ததே இளையராஜாவின் முதல் இசையமைப்பு. கம்யூனிஸ்ட் மேடையில் வளர்ந்தவர், காங்கிரஸ் பிரதமருக்காக முதல் மெட்டைப் போட்டார். கொள்கைக் கணக்குப் பார்ப்பவர்கள் 2022 நியமனத்தோடு இதையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே 1964-ஆம் ஆண்டில்தான் தலைநகரில் தேசிய நாடகப் பள்ளி, மாதச் சம்பளம் பெறும் கலைஞர்களைக் கொண்ட நிரந்தர நாடகக் குழுவைத் தொடங்கியது. அங்கே சேர்வதற்குப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். பண்ணைப்புரத்தில் அண்ணனின் காய்ச்சலே போதுமானதாக இருந்தது.

மலையின் மறுபுறத்தில் மலையாளிகளுக்கு 1950-இல் தொடங்கிய கே.பி.ஏ.சி. என்ற நாடகக் குழு இருந்தது. 1952-இல் தோப்பில் பாசியின் 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தால் கேரள அரசியலையே அசைத்த அந்தக் குழு, காயங்குளத்தை இருப்பிடமாகக் கொண்டு நிலைத்தது. அதில் சேர்ந்து வளர்ந்த லலிதா, கடைசிவரை 'கே.பி.ஏ.சி. லலிதா' என்றே அறியப்பட்டார். தோட்டத் தமிழர்களிடையே பாடிய குழுவுக்கு அப்படி ஓர் அமைப்பு வாய்க்கவில்லை. வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அந்தப் பணத்தைக் கொடுத்து தாயார் மகன்களைச் சென்னைக்கு அனுப்பியபோது, பண்ணைப்புரத்தின் இழப்பு திரையுலகின் லாபமாயிற்று.

பீர்மேட்டின் நிலை

அதன் பிறகு மலையில் எத்தனையோ நடந்துவிட்டன. பீர்மேடு தேயிலை நிறுவனம் 2000-ஆம் ஆண்டு மூடப்பட்டது. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, தொழிலாளர்கள் இடிந்துவரும் லயங்களிலேயே தங்கினர். 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்து போராடினர். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களோடு 70 உயிர்களை விழுங்கியது. 2021-இல் தேவிகுளத்தில் வென்ற ஆ. ராஜா, கேரளச் சட்டப்பேரவையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். மொழிபெயர்ப்பில் குறை இருந்ததால், சில நாட்களில் மீண்டும் எடுக்க நேர்ந்தது. எல்லையோரத் தமிழரின் நிலையை ஒரு காட்சியில் சொல்லவேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

நாடகக் குழுக்களுக்கு உதவ மத்திய அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. கலாசார அமைச்சகத்தின் குரு-சிஷ்ய மரபு நிதியுதவியின்கீழ் ஒரு நாடகக் குழுவில் ஒரு குருவும் அதிகபட்சம் 18 சீடர்களும் மாத உதவி பெறலாம். குருவுக்கு மாதம் 15,000 ரூபாய். சீடர்களுக்கு வயதுக்கேற்ப அதைவிடக் குறைந்த தொகை. ஆனால் விண்ணப்பிக்கும் குழு முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். செயல்பாட்டுக்கு ஆவணம் காட்ட வேண்டும். ஓர் ஆர்மோனியமும் மூன்று தம்பிகளும் கொண்ட குழு எந்தப் பிரிவில் விண்ணப்பித்திருக்கும் என்று தெரியவில்லை. வண்டிப்பெரியாரிலோ ஏலப்பாறையிலோ லயத்து வாசலில் பாடும் சிறுவனுக்கும் இதே சிக்கல்தான்.

இந்த விதிகளைத் தளர்த்தும்படி அவையில் எழுந்து கேட்க, தோட்ட மலைகளையும் மேடைக் குழுவையும் நேரில் அறிந்த ஓர் உறுப்பினர் மாநிலங்களவையில் இருக்கிறார். அவரது பதவிக்காலம் 2028 ஜூலை வரை.