பேரேட்டில் இருக்கும் பெயர்

சூடு மிதித்த களத்திலேயே கடன் கொடுத்தவர் சாக்கோடு வந்து நின்ற காலத்தை இறக்காமத்து வயல்களில் பாடுபட்ட பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விதைப்புக்கு வாங்கிய காசுக்கு வெட்டு முடிந்ததும் நெல்லாய் அளந்து கொடுக்க வேண்டும். விலையைச் சொல்பவர் கடன் கொடுத்தவர். இந்தப் பிடியைத் தளர்த்தவே வங்கி கிராமத்துக்கு வந்தது.

வங்கி வந்த வழி

கண்டி மாவட்டத்தில் 1906இல் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் ஏழைக் கமக்காரரை ஒன்றுசேர்த்து நடத்திக் காட்டிய வழி அது. இலங்கை வங்கி 1939இல் தொடங்கிற்று. ஆனால், சிறு கமக்காரனுக்கு வங்கி நெடுங்காலம் எட்டாத இடமாகவே இருந்தது.

1961 யூலை 1இல் மக்கள் வங்கி ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் அமைச்சர் ரி. பி. இலங்கரத்ன. 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களோடு கிராமிய வங்கிகள் திறக்கப்பட்டன. சங்கக் கடைக்குச் சாமான் வாங்கப் போன பெண்கள் அங்கேயே சிறுசேமிப்பும் போட்டார்கள். நகையும் அடகு வைத்தார்கள். 1973இல் இலங்கை வங்கியும் விவசாய சேவை நிலையங்களில் உப அலுவலகங்களைத் திறந்தது.

மேசைக்கு அப்பால் இருந்தவர்கள்

இக்கிளைகளில் பெரும்பாலும் ஒரு முகாமையாளரும் சில இலிகிதர்களும் ஒரு காசாளருமே இருந்தனர். எழுதத் தெரியாதவரின் பெருவிரல் அடையாளத்தை எடுத்ததும், விண்ணப்பத்தை வாசித்துக் காட்டியதும் அவர்களே. எந்த வட்டையில் யாருக்கு எத்தனை ஏக்கர், யார் சொன்ன நாளில் கட்டுவார் என்பதெல்லாம் நல்ல உத்தியோகத்தருக்கு மனப்பாடம். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால், அந்த அறிவும் கூடவே போய்விடும். எழுதி வைத்த பேரேடு மட்டும் மிஞ்சும்.

தவறுகளும் நடந்தன. 1977/78 பெரும்போகத்தில் விவசாயக் கடன் நாடெங்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டது. பெருந்தொகை திரும்பி வரவில்லை. அதன் பின் கடன் சுருங்கியது. ஒழுங்காகக் கட்டியவரும் தனியார் வட்டிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கட்டாதவரால் பாதிக்கப்பட்டவர் அயல் வயற்காரர் என்பதை நாம் மறக்கக்கூடாது.

வீடு எரிந்தால் கணக்கு எரியுமா?

1990 வன்செயல்களில் இம்மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் உடுத்த உடையோடு ஓடினார்கள். 2004இல் கடல் வந்து கரையோரத்தை வழித்துச் சென்றது. இரண்டிலும் சேமிப்புப் புத்தகங்கள் அழிந்தன. “புத்தகம் போயிற்று, காசும் போயிற்று” என்று பலர் வங்கிப் பக்கமே போகாமல் விட்டார்கள்.

இது தவறான எண்ணம். உங்கள் கையில் இருந்தது பிரதி. கணக்கு இருப்பது வங்கியில். ஆகவே, பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. அடையாள அட்டையோடு கணக்கு வைத்திருந்த கிளைக்குப் போய், புத்தகம் தொலைந்ததை எழுத்தில் அறிவியுங்கள். கிளை இடம் மாறியிருந்தால் அவ்வங்கியின் எந்தக் கிளையிலும் விசாரிக்கலாம்.

2. பத்து வருடம் தொடாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படலாம். அப்போதும் உங்கள் உரிமை அழியாது. உங்கள் வங்கியூடாகவே கேட்கலாம். கணக்குக்காரர் இறந்திருந்தால் வாரிசுகள் மரணச் சான்றிதழோடு கேட்கலாம்.

3. காணி உறுதி தொலைந்திருந்தால், பதிவு செய்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

4. பழைய கடன் இருந்தால் ஒளிக்க வேண்டாம். இடம்பெயர்ந்த காரணத்தை எழுதிக் கொடுத்து, தவணை மாற்றித் தருமாறு கேளுங்கள். சொல்லாமல் விட்ட கடன் அடுத்த போகத்துக் கடனுக்குத் தடையாய் நிற்கும்.

தனியே போகத் தயங்குபவர்கள் நாலைந்து குடும்பமாய்ச் சேர்ந்து போங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றையும் கூட்டிச் செல்லுங்கள். மேசைக்கு அப்பால் இருப்பவர் புதியவராக இருக்கலாம். உங்கள் முகம் அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால், உங்கள் பெயர் பேரேட்டில் இருக்கிறது. அதைத் தேடித் தரும்படி கேட்பது பிச்சையல்ல. அது வெயிலில் நின்று நீங்கள் சேர்த்த காசு.