கிரகணமும் வாதமும்

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு. மதீனா மாநகரில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் (ரலி) பால்மணம் மாறாப் பருவத்திலேயே வஃபாத்தானார். அன்றைய தினமே சூரியனைக் கிரகணம் பற்றியது. நபிமைந்தரின் மறைவுக்காகவே கதிரவனும் ஒளி குன்றியதென மக்கள் பேசிக்கொண்டனர்.

ஒருங்கே நிகழ்ந்த இரண்டனுள் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொள்வது, தர்க்க நூலார் சுட்டும் பழம்பிழை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம்மவர் கூறுவதும் அதனையே. ஆயினும் மதீனத்து மக்களுக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. அன்பு அதனை மறைத்தது.

அண்ணலார் வாளாவிருந்திருப்பின் மறுப்பார் எவருமிலர். அவர்களோ கிரகணத் தொழுகையை நடத்தி, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவற்றைக் கிரகணம் பற்றுவதில்லை என்றும் தெளிவுறுத்தினார்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் அறிவித்த இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் காணப்படுகிறது. மகனைப் பறிகொடுத்த துயர நாளில், தமக்குப் பெருமை சேர்க்கும் தவறான காரணத்தைத் தாமே மறுத்தார்கள்! மாற்றாரின் வாதத்தில் குறை காண்பது எளிது. நமக்குச் சாதகமான வாதத்தைச் சோதிப்பதன்றோ அரிது!

நாலரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அதே கிரகணம் மற்றொரு வாதத்திற்குப் பொருளாயிற்று. பூமியின் நிழலிற் படுவதால் சந்திரன் ஒளி மழுங்குகிறதென மெய்யியலார் கூறினர். அவர்தம் இறைக்கொள்கையை வெறுத்த சிலர், அவர்கள் சொன்னதனாலேயே இக்கணிதத்தையும் மறுக்கத் துணிந்தனர். சொல்லை விடுத்துச் சொல்பவரைப் பார்க்கும் பிழை இது.

பக்தாது நிஜாமிய்யாவில் ஆசிரியராயிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், 1095-இல் நிறைவுற்ற ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரையில் இத்தகையோரைக் கண்டித்தார்கள். கிரகணக் கணக்கை ஐயமற அறிந்தவனிடம், அது மார்க்கத்திற்கு முரணானது என்றால், அவன் கணக்கை ஐயுறமாட்டான், மார்க்கத்தையே ஐயுறுவான். ஆகவே, முறைதவறிக் காக்க வருபவனால் விளையும் தீங்கு, முறையோடு தாக்குபவனால் விளைவதிலும் பெரிது என்பது இமாமவர்களின் தீர்ப்பு.

இதன் மறுபுறமும் பிழையே. கணிதத்தில் வல்லவர் என்பதால் இறையியலிலும் அவர் கூற்று மெய்யென ஏற்போர் உண்டல்லவா? அவர்களையும் இமாமவர்கள் விட்டுவைக்கவில்லை. பத்தைவிட மூன்று பெரிதென்று ஒருவன் சாதித்து, அதற்குச் சான்றாகக் கோலைப் பாம்பாக்கிக் காட்டினாலும், அவன் வித்தையை வியப்பேனேயன்றி என் அறிவை ஐயுறேன் என்னும் கருத்தைத் தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார்கள்.

மெய்யியலாரை மறுக்கும் முன், ஏறத்தாழ ஈராண்டுகள் ஓய்வு நேரமெல்லாம் அவர்தம் நூல்களைத் தாமே பயின்றதாகவும் அதிற் குறித்துள்ளார்கள். அக்கொள்கைகளைக் கண்டிக்காது எடுத்துரைத்த ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ லத்தீன் மொழிக்குச் சென்றபோது, ஐரோப்பியர் பலர் இமாமவர்களையே ஒரு மெய்யியலாராகக் கருதிவிட்டனர்! மாற்றார் கருத்தை அத்துணை நேர்மையுடன் எழுதியிருந்தார்கள்.

பின்னாளில் ‘தஹாஃபுத்’துக்கு மறுப்பெழுதிய குர்துபா நகர் இப்னு ருஷ்து (ரஹ்) அவர்களும் அந்நெறி பிறழவில்லை. இமாமவர்களின் வாசகங்களைப் பகுதி பகுதியாக எடுத்தெழுதிய பின்னரே தம் மறுமொழியைத் தொடங்குகிறார்கள்.