பரோசாப் பள்ளத்தாக்கின் முதுகொடித் தோட்டங்கள்: பாதுகாப்பும் மதிப்பீடும்

முன்னுரை
19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பில்லோக்செரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைப் பெருமளவில் அழித்தது. தென் ஆஸ்திரேலியாவில் அப்பூச்சி பரவவில்லை. எனவே, அம்மாநிலத்தின் பரோசாப் பள்ளத்தாக்கில் 1843இல் நடப்பட்ட ஷிராஸ் கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நின்று காய்க்கின்றன.

அழிவுக்கான காரணம்
பூச்சிக்குத் தப்பிய கொடிகள் சந்தைக்குத் தப்பவில்லை. முதிர்ந்த கொடிகள் பொதுவாகக் குறைவாகவே விளையும். பழத்தை எடைக்கணக்கில் விற்கும் உழவரின் வருவாயும் அதற்கேற்பக் குறையும். 1980களில் திராட்சை மிகுந்து விலை வீழ்ந்தபோது, கொடிகளை அகற்றுவோர்க்கு மாநில அரசு பணம் வழங்கியது. பழமையான தோட்டங்கள் பலவும் அவ்வாறு மறைந்தன.

அகவை வகைப்பாடு
2009இல் பரோசா வட்டாரம் ஏற்ற முதுகொடிச் சாசனம், 35, 70, 100, 125 ஆண்டுகளைக் கடந்தவை எனக் கொடிகளை நான்கு நிலைகளாக வகுத்தது. 2024இல் பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பும் ஆவணச் சான்றுடன் 35 ஆண்டு நிறைந்த கொடியையே முதுகொடி என வரையறுத்தது.

முடிவுரை
அகவை மட்டுமே ஒயினின் தரத்தை உறுதிசெய்யாது. மண்ணும் பேணும் முறையும் உடன் அமைதல் வேண்டும். ஆயினும், அகவை சான்றுடன் பதிவானால்தான் அதற்குரிய விலையைக் கோர இயலும். அவ்விலை உழவரைச் சென்றடைந்தால்தான் தோட்டம் நிலைக்கும். பிடுங்கப்பட்ட நூற்றாண்டுக் கொடியை ஒரு தலைமுறைக்குள் மீட்க இயலாது.