கடற்கரை வீட்டுக்குப் புதுக் கார் வந்தால்

புதிய கார் வாசலில் வந்து நிற்கும் நாள் ஒரு குடும்பத்துக்குப் பெருநாளைப் போன்றது. பல ஆண்டுச் சேமிப்பு அதில் இருக்கிறது. சில வீடுகளில், கடல் கடந்து உழைக்கும் பிள்ளையின் வியர்வையும் இருக்கிறது. ஆனால் ஓராண்டு கழியுமுன் அந்த மினுமினுப்பு மங்கத் தொடங்குகிறது. வெயிலில் சற்றே சாய்ந்து நின்று பார்த்தால், பானெட்டின் மீது சிலந்தி வலை பின்னியதைப் போல மெல்லிய வட்டக் கீறல்கள் தெரிகின்றன. "இந்தக் காலத்துப் பெயிண்டே இப்படித்தான்" என்று உரிமையாளர் சலித்துக்கொள்கிறார்.

பெயிண்டின் மீது பழி போடுவது நியாயமன்று. அந்தக் கீறல்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்கியது, நாள்தோறும் காலையில் காரைத் துடைக்கும் துணிதான். கேட்பதற்கு வியப்பாக இருக்கலாம். சென்னையின் சாந்தோம், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்போர் இதனை மற்றவர்களைக் காட்டிலும் கவனமாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இங்கே தூசியோடு மணலும் உப்பும் சேர்ந்தே வந்து படிகின்றன.

காரின் பெயிண்ட் ஒரே பூச்சு அன்று. இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ உள்ள தொழிற்சாலைகளில் உருவாகும் காரின் இரும்புக் கூடு முதலில் பாஸ்பேட் கரைசலில் கழுவப்படுகிறது. பிறகு துருவைத் தடுக்கும் பிரைமர் நிரம்பிய தொட்டியில் முழுவதுமாக அமிழ்த்தப்பட்டு, மின்சாரத்தின் உதவியால் மூலைமுடுக்கெல்லாம் பூச்சு பெறுகிறது. அதன் மேல் வண்ணம். வண்ணத்தின் மேல் 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பூச்சு. இத்தனையும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றே கூடுதல். அதிலும் பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதும் ஆகிய மேற்பூச்சு 40, 50 மைக்ரான் அளவே இருக்கும். நம் தலைமுடி பெரும்பாலும் அதனினும் தடிமனானது! கீறலை 'ரப்பிங்' செய்து போக்குகிறோம் என்றால், இந்த மெல்லிய ஏட்டைத் தேய்த்துக் குறைக்கிறோம் என்றே பொருள். குறைந்தது திரும்ப வளர்வதில்லை.

அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய காலத்துப் பெரியவர்கள் காருக்குப் பாலிஷ் போட்டால், துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். அன்றைய பெயிண்டில் வண்ணமே மேற்பூச்சாகவும் இருந்தது. மங்கிய பகுதியைத் தேய்த்து நீக்கினால் உள்ளிருக்கும் புது நிறம் வெளிப்பட்டது. அந்தப் பழக்கம் அன்றைக்குச் சரி. இன்றைய காருக்கு அது பொருந்தாது.

இனி உப்பைப் பார்ப்போம். அலைகள் உடையும்போது சிதறும் நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. கோடையில் நண்பகலையொட்டிக் கடற்காற்று ஊருக்குள் நுழைகிறதே, உடலுக்கு எத்தனை இதம்! அதே காற்றுதான் வண்டியின் மீது உப்பைத் தூவிவிட்டுச் செல்கிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். சென்னையின் பல இரவுகளிலும் அதிகாலைகளிலும் ஈரப்பதம் அந்த அளவைக் கடந்துவிடுகிறது. ஆகவே கார் மீது படிந்த உப்பு பகலில் காய்ந்து, இரவில் கரைந்து, மீண்டும் காய்கிறது. நல்ல பெயிண்டை உப்பு துளைப்பதில்லை. ஆனால் கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த ஒரு புள்ளி அகப்பட்டால் போதும், அங்கே இரும்பைப் பற்றி, பெயிண்டுக்கு அடியிலேயே துருவைப் பரப்பும். ஐயம் இருப்பவர்கள் சாந்தோம் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள பழைய வீடுகளின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்து வரலாம்.

இப்போது அந்தத் துணிக்கு வருவோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒருவர் வருகிறார். ஒரு வாளி, ஒரு துணி. பத்துப் பதினைந்து கார்களை மளமளவென்று துடைத்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடுகிறார். முதல் காரில் ஒட்டிய மணல் கடைசிக் கார் வரைக்கும் பயணம் செய்கிறது. மணல் கண்ணாடியையே கீறக்கூடியது. கிளியர் கோட் எம்மாத்திரம்? சில வீடுகளில் நைந்துபோன பழைய கைலி இந்தப் பணிக்கு ஒதுக்கப்படுகிறது. மிருதுவான துணிதானே என்று நினைக்கிறோம். துணி மிருதுவாக இருந்து பயனில்லை. துணிக்கும் காருக்கும் இடையில் இருப்பது மணல்.

இதில் அந்த உழைப்பாளியைக் குறை கூறுவதற்கு ஒன்றுமில்லை. நாள்தோறும் துடைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். அவருக்குத் தரும் மாதச் சம்பளத்தைக் குறைக்காமல், "தினமும் துடைக்க வேண்டாம், வாரம் ஒரு நாள், இயன்றால் இரண்டு நாள், நன்றாகக் கழுவிக் கொடுங்கள், மற்ற நாட்களில் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் மட்டும் துடையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். துணியையும் வாளியையும் நாமே வாங்கித் தந்துவிட வேண்டும். அவருக்கும் வேலை குறையும், வண்டிக்கும் கேடு குறையும்.

கழுவும் முறைக்கு ஒரே விதிதான்: முதலில் நீர், பிறகே துணி. பஜ்ர் தொழுகை முடிந்து, கிழக்கு வெயில் ஏறுவதற்கு முன் உள்ள நேரம் இதற்கு உகந்தது. பானெட்டின் மீது புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு இருந்தால் கழுவ வேண்டாம், நீரும் ஷாம்புவும் காய்ந்து கறையாகிவிடும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி நீரை ஊற்றி, தூசியும் மணலும் தாமாக வழிந்தோட விடுங்கள். இதற்கு வாளியும் குவளையும் போதும். தோட்டத்துப் பூவாளி இருந்தால் இன்னும் நன்று. பிறகு இரண்டு வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காருக்கென்று விற்கும் ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பு நீரில் நனைத்து, ஒரு பகுதியை அழுத்தாமல் நீளவாக்கில் துடைத்து, உடனே வெறும் நீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, மீண்டும் ஷாம்புவில் நனைக்க வேண்டும். இந்த இரண்டாவது வாளிதான் முறையின் உயிர்நாடி. கழுவி முடித்தபின் அதன் அடியில் தங்கியிருக்கும் மணலைக் கண்டால் உங்களுக்கே புரியும். கதவுகளின் கீழ்ப்பகுதியையும் சக்கரங்களையும் கடைசியில், வேறொரு துணியால் துடையுங்கள்.

சலவைத் தூளும் பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். எண்ணெய்ப் பசையை நீக்குவதற்கென்றே ஆனவை அவை. காரின் மெழுகையும் சேர்த்து நீக்கிவிடும். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தால் அப்போதைக்குப் பளபளக்கும். மறுநாளே அந்தப் பிசுக்கில் தூசி வந்து அப்பிக்கொள்ளும்.

எந்த நீரில் கழுவுவது என்பது கடலோரத்தில் தனிக் கேள்வி. இங்குள்ள பல ஆழ்துளைக் கிணறுகளின் நீர் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. அதனைக் காரின் மேல் காய விட்டால் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள் விழும். நாளாக ஆக அவை பூச்சில் பதிந்து, கழுவினாலும் போகாதவை ஆகிவிடும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரை வீணாக்காமல் காருக்கு ஊற்றுவோர் உண்டு. எண்ணம் நல்லதே, ஆனால் அந்த நீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். முதலில் தூசியைக் கரைக்க வேண்டுமானால் அதைப் பயன்படுத்துங்கள், கடைசி அலசலுக்கு வேண்டவே வேண்டாம். கடைசி அலசலுக்கு ஏற்றது எது தெரியுமா? உங்கள் ஏ.சி. இயந்திரம் சொட்டுச் சொட்டாக வெளியே விடும் நீர்! காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டாகும் அதில் தாது உப்புகள் அநேகமாக இல்லை. குழாயின் அடியில் ஒரு வாளியை வைத்தால், சென்னையின் புழுக்கத்தில் இரவு முழுவதும் ஓடும் ஏ.சி. பல லிட்டர் நீரைத் தந்துவிடும். அலசிய பிறகு காய விடாமல், உலர்ந்த மற்றொரு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

இந்த முறையில் ஒரு காருக்கு நாலைந்து வாளி, ஏறத்தாழ 50 லிட்டர் நீர் செலவாகும். ரப்பர் குழாயைத் திறந்து விட்டுக் கழுவினால், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று கொண்டாலும் இருபது நிமிடத்தில் 200 லிட்டர் தெருவில் ஓடிவிடும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வற்றி, குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. ஒளூவிலும் நீரைச் சிக்கனமாகச் செலவிடப் பழகிய குடும்பங்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

வாரக் கழுவலுக்குக் காத்திருக்கக் கூடாத ஒன்று உண்டு. அது பறவை எச்சம். காக்கையும் புறாவும் இல்லாத தெரு சென்னையில் ஏது? எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறி இளகும் மேற்பூச்சு, மாலையில் குளிர்ந்து இறுகும்போது, காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே தன்மேல் பதித்துக்கொள்கிறது. நகத்தால் சுரண்டாதீர்கள். நனைத்த துணியை அதன் மேல் சில நிமிடங்கள் போர்த்தி வைத்து, ஊறியபின் ஒற்றி எடுங்கள். டிக்கியில் ஒரு புட்டி நீரும் ஒரு சுத்தமான துணியும் எப்போதும் இருக்கட்டும். தூங்குமூஞ்சி மரங்களின் அடியில் காரை நிறுத்தினால் ஒட்டும் பிசினுக்கும் இதே வைத்தியம்தான்.

புதுக் காரை எடுக்கும்போதே, ஆயிரக்கணக்கில் பணம் கட்டினால் 'டெஃப்லான்' பூச்சு போட்டுத் தருவதாக விற்பனைக் கூடங்களில் சொல்வதுண்டு. தோசைக் கல்லில் இருக்கும் அந்தப் பொருளை நிலைத்து ஒட்ட வைக்க 300 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்; காரின் பெயிண்ட் அதைத் தாங்காது. காரில் போடப்படுவது பெரும்பாலும் நல்ல பாலிஷ்தான், அவ்வளவே. செராமிக் பூச்சு வேறு வகை. அது கெட்டியானது, ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் மணல் துணியால் துடைத்தால் அதுவும் கீறும். என்னைக் கேட்டால், நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு டப்பா மெழுகே போதும் என்பேன். பிரேசில் நாட்டுப் பனை இனம் ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு நம் வெயிலில் ஓரிரு மாதம் தாங்கும். 'சீலன்ட்' எனப்படும் செயற்கைப் பூச்சு சில மாதங்கள் நிற்கும். கழுவி உலர்த்திய காரில், நிழலில், மிக மெல்லியதாகத் தடவி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்தெடுக்க வேண்டும். நீர் முத்து முத்தாக உருளாமல் தகடாகப் படர்ந்தால், மறுமுறை தடவும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். புதுக் காருக்கு மெழுகு போடச் சில மாதம் பொறுக்க வேண்டும் என்பார்கள். அது பட்டறையில் மறுபூச்சுச் செய்த வண்டிக்கான அறிவுரை. தொழிற்சாலைப் பெயிண்ட் 130 பாகைக்கும் மேலான வெப்பத்தில் சுடப்பட்டு இறுகியே வருகிறது. முதல் வாரத்திலேயே மெழுகிடலாம்.

உறை போட்டு மூடுவோர், கழுவிய காரை மட்டுமே மூடவேண்டும். தூசி படிந்த காரின் மேல் உறை கடற்காற்றில் படபடத்தால், இரவு முழுவதும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததாக ஆகிவிடும். நிக்காஹ் ஊர்வலத்துக்கு வண்டியை இரவல் தருவோருக்கும் ஒரு சொல்: ரோஜாவை ஒட்டும் டேப்பை அன்றிரவே உரித்துவிடச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்த டேப்பின் பசையை நீக்குவது மணமகனின் மாமன்மாரைச் சமாதானம் செய்வதைவிடக் கடினம்.

உப்பு மிகுதியாகத் தங்குவது கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில்தான். வடகிழக்குப் பருவமழை கூரையைக் கழுவும், அடிப்பாகத்தைக் கழுவாது. மாதம் ஒரு முறை சர்வீஸ் நிலையத்தில் அடிப்பாகத்தையும் மட்கார்டின் உட்புறத்தையும் நீர் பீய்ச்சிக் கழுவச் செய்யுங்கள். முடிந்ததும் டீசலோ பழைய எண்ணெயோ அடித்துத் தருகிறோம் என்றால் மறுத்துவிடுங்கள். அங்குள்ள ரப்பர் பாகங்கள் எண்ணெயில் ஊதிக் கெடும். கதவின் அடி விளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். அவை மண்ணால் அடைபட்டிருந்தால் ஒரு தீக்குச்சியால் நீக்குங்கள்.

கழுவி உலர்த்தும்போதே பானெட்டின் முன் விளிம்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணல் லாரிக்குப் பின்னால் போய் வந்தவர்களின் வண்டியில் கடுகளவுத் தெறிப்புகள் இருக்கும். உள்ளே வெள்ளையோ சாம்பல் நிறமோ தெரிந்தால் பிரைமர் இருக்கிறது, அவசரமில்லை. இரும்பு பளிச்சிட்டாலோ பழுப்பாக இருந்தாலோ, அந்த வாரத்திலேயே கவனிக்க வேண்டும். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அல்லது சீட்டில் நிறத்தின் குறியீட்டு எண் உண்டு. அதைக் காட்டி ஒரு சிறு 'டச் அப்' புட்டி வாங்கி, துருவைச் சுரண்டி, நன்கு கழுவி உலர்த்தி, தீக்குச்சி முனையால் ஒரு துளி வையுங்கள். அந்தப் புள்ளியின் மேல் மட்டும் ஒரு மாதத்துக்கு மெழுகு வேண்டாம்.